கிழமை பார்த்து வரும் கத்தரிக்காய்: நம் சந்தைகளின் கதை

தமிழ்நாட்டு வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை என்று ஒரு ஊர், வெள்ளிச்சந்தை என்று இன்னொரு ஊர். நாமக்கல் பக்கம் புதன்சந்தை. சேலம் நகருக்குள்ளேயே செவ்வாய்ப்பேட்டை. ஊருக்கு யாராவது கிழமையின் பெயரை வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிய வேண்டிய முக்கியமான விஷயமே, அங்கே என்றைக்குச் சந்தை கூடும் என்பதுதான்.

இந்தக் கட்டுரை அந்தச் சந்தைகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு கேள்வியைப் பற்றியது. காய்கறி விளைவது கிராமத்தில். ஆனால் நல்ல காய்கறி சுலபமாகக் கிடைப்பது நகரத்தில். இது எப்படி நடந்தது?

ஏன் வாரம் ஒரு நாள்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு (பி.காம் படித்தால் இந்த வியாதி வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்). ஒரு காய்கறி வியாபாரிக்கு ஒரு நாள் பிழைப்பு ஓட இருநூறு பேராவது வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிராமத்தில் இருப்பதே இருநூறு வீடு. ஒவ்வொரு வீடும் வாரத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாக வாங்கும். அந்த ஊரில் தினமும் கடை போட்டால் வியாபாரி பட்டினிதான். ஆனால் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று ஏழு ஊரைச் சுற்றினால் ஏழு நாளும் அவருக்கு இருநூறு பேர். ஊர்க்காரர்களுக்கும் வாசல் பக்கத்திலேயே சந்தை. யாரும் மேலிருந்து உத்தரவு போட்டு உண்டாக்கிய ஏற்பாடு இல்லை இது. அனுபவத்தில் தானாக அமைந்தது.

மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இருந்ததைச் சங்க இலக்கியத்திலேயே படிக்கிறோம். ஆனால் அது தலைநகரம், தினமும் கூட்டம் இருந்திருக்கும். சின்ன ஊர்களுக்குச் சோறு போட்டது வாரச்சந்தைதான். கீரைக்கட்டு விற்க வந்த அம்மா, விற்ற காசில் அதே சந்தையில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள்.

எல்லோரும் உள்ளே வர முடிந்ததா?

பழைய சந்தையைப் பற்றி ரொம்பவும் உருகிவிடக் கூடாது. பக்கத்திலேயே சந்தை இருந்தாலும் எல்லோரும் அதற்குள் கால் வைக்க முடியவில்லை என்பதும் வரலாறு. அன்றைய திருவிதாங்கூரில் (கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அதோடுதான் இருந்தது) தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுச் சந்தைக்குள் வருவதைத் தடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி அவர்களை அழைத்துக்கொண்டு நெடுமங்காடு சந்தைக்குள் நுழைந்தார். அடிதடி நடந்தது. பொருளை விற்பதற்கும் வாங்குவதற்கும்கூடப் போராட வேண்டியிருந்தது. உணவு எட்டுகிற தூரத்தில் இருப்பது வேறு, அது கைக்குக் கிடைப்பது வேறு.

சட்டத்தின் கண்ணில் பட்ட பயிர்கள்

ஆங்கிலேயர் காலத்தில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சந்தை ஒரு வருமானம் ஆனது. சந்தையை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் குத்தகைதாரர். கடை போடுகிறவர்களிடம் சுங்கம் வசூலித்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

விவசாயி சந்தையில் ஏமாற்றப்படுகிறார் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. எடையில் மோசடி, தரகு, காரணமில்லாத பிடித்தங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசிய ராயல் விவசாயக் கமிஷன் 1928ல் அறிக்கை தந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1933ல் சட்டம் வந்தது. 1936ல் திருப்பூரில் முதல் விற்பனைக்கூடம் திறந்தார்கள். எதற்கு? பருத்திக்கு!

சட்டத்தின் பெயரே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். மில்லுக்குப் போகும் பருத்தி, செக்குக்குப் போகும் நிலக்கடலை மாதிரியான பயிர்கள்தான் அதன் கண்ணில் பட்டன. 1959லும் 1987லும் புதிய சட்டங்கள் வந்து எல்லை விரிந்தாலும், விற்பனைக்கூடங்களில் நடைமுறையில் நடந்தது பெரும்பாலும் பருத்தி, நிலக்கடலை, நெல், எள் வியாபாரம்தான். கத்தரிக்காயும் கீரையும் வெளியிலேயே நின்றன. இரண்டு நாளில் வாடிப்போகிற பொருளை வைத்திருப்பவருக்குத்தான் பேரம் பேச நேரமே இல்லை. பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்ட அவருக்குத்தான் அது கடைசியாகக் கிடைத்தது.

இதற்கிடையில் ரோடு வந்தது, லாரி வந்தது. ஒட்டன்சத்திரம் மாதிரி பெரிய மொத்தச் சந்தைகள் வளர்ந்தன. அங்கே வரும் காய்கறியில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகிறது. 1996ல் சென்னையில் கோயம்பேடு மார்க்கெட் திறந்தது. விவசாயிக்குப் பெரிய அளவில் விற்க வழி கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கிராமத்துக் காய் மொத்தச் சந்தைக்குப் போய், ஏலமாகி, மூட்டை ஏறி, மறுபடி அதே பக்கத்துக் கிராமக் கடைக்கு வருகிற விசித்திரமும் இதோடுதான் வந்தது. போக வண்டி வாடகை, வர வண்டி வாடகை, நடுவில் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. கூடவே வாடலும் அழுகலும்.

1999

பஞ்சாபில் 1987லேயே 'அப்னி மண்டி' என்று விவசாயி நேரடியாக விற்கும் சந்தை தொடங்கியிருந்தது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி திறந்து வைத்தார். 2001க்குள் ஏறக்குறைய நூறு உழவர் சந்தைகள் வந்துவிட்டன. 2001ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. நம் ஊரில் கத்தரிக்காய்க்கும் கட்சி உண்டு :-)

அரசியலை விட்டுவிட்டு உழவர் சந்தையின் விதிகளை மட்டும் பாருங்கள். விற்பவர் உண்மையிலேயே விவசாயிதானா என்று பார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசம். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே என்று தினமும் விலை முடிவு செய்து பலகையில் எழுதிப் போடுவார்கள். காய்கறிக் கூடையை பஸ்ஸில் ஏற்ற லக்கேஜ் கட்டணம் இல்லை.

இதில் பிரம்மாண்டமாக ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு செலவையோ ஒரு ஏமாற்றையோ குறிபார்த்து அடிக்கிறது. தராசு எடை மோசடியை, பலகை விலை மோசடியை, பஸ் சலுகை போக்குவரத்துச் செலவை, அட்டை இடைத்தரகரை. அதனால்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் யாருக்கு?

உழவர் சந்தைகள் பெரும்பாலும் நகரங்களில் வந்தன. விற்பவர் கிராமத்துக்காரர், வாங்குபவர் நகரத்துக்காரர். விவசாயிக்கு லாபம், நகரத்துக் குடும்பங்களுக்கு லாபம். நிலமில்லாத கிராமத்துக் கூலித் தொழிலாளி வீட்டுக்கு? அவர்களுக்கு இன்றும் வாரச்சந்தைதான். அந்தச் சந்தை இன்றும் பல ஊர்களில் அதே ஏலம், அதே குத்தகை, அதே சுங்கத்தில்தான் ஓடுகிறது.

வணிகவியல் மாணவனாக எனக்கு இங்கேதான் இடிக்கிறது. குறுகிய காலக் குத்தகை எடுத்தவர் அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். கூரை போடவோ, பெண்களுக்குக் கழிப்பறை கட்டவோ அவருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? ஏலத்தொகை ஏறினால் ஊராட்சிக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தொகை கடைசியில் பத்துக் கட்டு கீரையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடமிருந்துதான் வர வேண்டும். அவர் வராமல் போனால் சந்தையில் மிஞ்சுவது, மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்கும் வியாபாரிகள் மட்டுமே. ஊர்ச் சந்தையில் ஊர்க் காய் இருக்காது.

2020ல் இதைக் கண்ணால் பார்த்தோம். கொரோனா ஊரடங்கில் வாரச்சந்தைகள் நின்றன. நகரங்களில் பஸ் நிலையங்களிலும் மைதானங்களிலும் தற்காலிக மார்க்கெட் போட்டார்கள். மே மாதம் கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள், அது தினமும் செய்தியில் வந்தது. வாரச்சந்தை நின்றுபோன கிராமம் அந்த அளவுக்குச் செய்தியில் வரவில்லை.

என் கருத்து

கிராமத்துக்கு நல்ல காய்கறி வேண்டும் என்றதும் குளிர்பதனக் கிடங்கு, ஆப், சூப்பர் மார்க்கெட் என்று பேசுகிறோம். அதெல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடம் ஏற்கெனவே இருக்கிறது, கிழமையும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. உழவர் சந்தையில் வெற்றி பெற்ற விதிகளை வாரச்சந்தைக்குக் கொண்டுவந்தால் போதும். தன் நிலத்தில் விளைந்ததைக் கூடையில் கொண்டுவருகிறவருக்குச் சுங்கம் வேண்டாம். ஒரு பொதுத் தராசு. ஒரு விலைப்பலகை. ஒரு கூரை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதில் கூடைக்காரப் பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவில் ஒரு பகுதி ஏற்கெனவே குறைந்துவிட்டது.

ஊராட்சிக்கு வருமானம் போகுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய கடைகளிடமும் வண்டிகளிடமும் வசூலிக்கலாம், கீரைக்கூடையை மட்டும் விட்டுவிடலாம். அந்த இழப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு ஊராட்சியும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலே தெரியும். உங்கள் ஊர்ச் சந்தை கடைசியாக எவ்வளவுக்கு ஏலம் போனது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்கள்.