ஏரியாகிப் போன ஆறு: ஜாம்சில் தீவின் கதை

தென்கொரியத் தலைநகர் சியோலின் வரைபடத்தில், ஹான் ஆற்றுக்குத் தெற்கே ஜாம்சில் என்ற பகுதியைத் தேடிப் பாருங்க. 123 மாடி லோட்டே கோபுரத்தின் காலடியில் சொக்சோன் என்று ஒரு ஏரி இருக்கும். பெருஞ்சாலை ஒன்று அதை இரண்டாகப் பிரிச்சுப் போகுது. பூங்காவுக்காக வெட்டின குளம் மாதிரிதான் தெரியும். ஆனால் அது ஹான் ஆற்றின் பழைய பாதையில் மிஞ்சிய துண்டு. ஒரு காலத்தில் ஆற்றின் முக்கிய ஓட்டமே அந்த வழியாகத்தான் இருந்தது.

அப்போது ஜாம்சில் ஒரு ஆற்றுத்தீவு. தெற்கே சோங்பா ஆறு, வடக்கே அதைவிடச் சிறிய சின்சோன். 'ஜாம்சில்' என்றால் பட்டுப்புழு வளர்க்கும் அறை. ஜோசன் மன்னர்கள் காலத்தில் இங்கே மல்பெரி வளர்த்துப் பட்டு எடுத்தாங்க. அந்தத் தொழில்தான் ஊர்ப்பெயராக நின்னுடுச்சு.

தீவுக்கு எதிரே, தெற்குக் கரையில் படகுத்துறைகள் இருந்தன. சோங்பா துறையில் பெரிய சந்தை. சம்ஜோன்தோ துறைக்கு வேறொரு நினைவு உண்டு. 1637-இல் மன்னர் இன்ஜோ, மஞ்சுப் பேரரசர் ஹோங் தைஜி முன் மூன்று முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தாழ்த்திச் சரணடைந்த இடம் அது. 1639-இல் அங்கே மஞ்சு, மங்கோலியம், சீனம் என மூன்று மொழிகளில் ஒரு கல்வெட்டு நாட்டப்பட்டது. கொரியர்களுக்கு அது அவமானச் சின்னம். ஜப்பானியர் ஆட்சி முடிந்த பிறகு அதை மண்ணில் புதைச்சாங்க. 1963-இல் ஹான் வெள்ளம் மண்ணை அரித்து, கல்லைத் திரும்ப வெளியே கொண்டு வந்தது.

தீவின் தலையெழுத்தை மாத்தினதும் ஒரு வெள்ளம்தான். 1925 பெருவெள்ளத்தில் சோங்பா ஊரும் சந்தையும் சீரழிந்தன. வடக்கு ஓடை அகலமாகி, ஆற்றின் பெரும்பங்கு நீர் அந்தப் பக்கம் திரும்பியது. மீதி வேலையை மனுஷங்க செஞ்சாங்க. சியோலின் மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலம். வீடு கட்ட நிலம் வேணும். 1971-இல் சோங்பா ஆற்றின் வழியை அடைச்சாங்க. தீவு தென்கரையோடு ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. 1988 ஒலிம்பிக்கின் முதன்மை மைதானமும் இங்கேதான் அமைந்தது. ஆற்றில் ஒரு துண்டை மட்டும் தூர்க்காமல் விட்டாங்க. அதுதான் சொக்சோன் ஏரி.

மணற்படுகையில் இருக்கிற நீர் கீழே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஏரி வற்றாமல் இருக்க, ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்துத் தண்ணீர் கொண்டு வர்றாங்க. தானாக ஓடி வந்த ஆறு, இப்போ தன் பழைய இடத்துக்குக் குழாய் வழியாகத்தான் வருது.

1990-இல் இந்த ஏரிக்குள் ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தாங்க. பெயர் 'மேஜிக் ஐலண்ட்'. நிஜத் தீவைக் கரையோடு சேர்த்த ஊரில், அந்தத் தீவைச் சுற்றி ஓடிய ஆற்றின் மிச்சத்தில், டிக்கெட் வாங்கிப் போக ஒரு செயற்கைத் தீவு! ஏரிக்கரையில்தான் அந்த மும்மொழிக் கல்வெட்டும் நிற்குது. 2010-இல் இங்கே மாத்தி வச்சாங்க. போறவங்க அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. பழைய படகுத்துறை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு அங்கே மிஞ்சியிருக்கிற சாட்சி அந்தக் கல்தான்.