'ரத்தக் கண்ணீர்': மறுபடி மேடையேற்றினால் எதை மாற்றுவது?

ஆசிரியர்களே, மாணவர்களே, பள்ளி மேடைக்குப் பழைய சீர்திருத்த நாடகம் ஒன்று வேண்டுமென்றால் உடனே வருகிற பெயர் 'ரத்தக் கண்ணீர்'. தாராளமாகப் போடுங்கள். ஆனால் அன்றைக்கு அது யாரை உறுத்தியது, இன்றைக்குப் போட்டால் யாரை உறுத்தும் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இந்த நாடகத்தை எம்.ஆர். ராதா 1949இல் மேடையேற்றினார். அப்போது நம் பேராக்கில் அவசரகாலம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதுதான் அதன் தொடக்கம். ஆனாலும் சீர்திருத்தப் பேச்சு இங்கே புதிதல்ல. 1929 கடைசியிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசியிருக்கிறார். 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் நாடகம் படமானது. அந்தப் படத்து ராதாவின் குரலை இழுத்து இழுத்துப் பேசிக்காட்டும் தாத்தாக்கள் இன்றும் ஈப்போவில் இருக்கிறார்கள்.

கதை தெரியுமல்லவா? வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகன், கட்டிய மனைவியை ஒதுக்கிவிட்டுக் காந்தாவிடம் போகிறான். சொத்து போகிறது, தொழுநோய் வருகிறது. கடைசியில் தன் மனைவிக்கும் நண்பன் பாலுவுக்கும் தானே கல்யாணம் செய்து வைக்கிறான். புருஷன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம்! அன்றைய சபைக்கு அடி விழுந்த இடம் இதுதான். ராதாவின் மேடைக்கு அரசாங்கமே பயந்தது. அவருடைய இராமாயண நாடகத்துக்குக் கிளம்பிய எதிர்ப்பின் சூட்டில், அதே 1954இல் சென்னை மாநிலம் நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது 2013இல்தான்.

பிற்காலத்தில் மகன் ராதாரவி தந்தையின் வேடத்தைத் தாமே ஏற்று நாடகத்தை மறுபடி நடத்தினார். 2003இல் கன்னடத்தில் உபேந்திரா நடித்துப் படமாகவும் வந்தது. ஆக, கதைக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

ஆனால் இப்போது மறுமணக் காட்சியில் யாரும் திடுக்கிட மாட்டார்கள். திடுக்கிட வேண்டியது நோய்க் காட்சியில். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று ஹேன்சன் 1873லேயே கண்டுவிட்டார். 1980களிலிருந்து கூட்டு மருந்தால் முழுதாகக் குணமாகிறது. கெட்ட நடத்தைக்குக் கிடைத்த கூலி அல்ல அது. 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பில் குடும்பத்தைப் பிரிந்து ஆயுளைக் கழித்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பிள்ளைகள் விரல் மடக்கி நொண்டி நடந்து கைதட்டல் வாங்கினால், 1949இன் மூடநம்பிக்கை ஒன்றை நாமே திரும்ப ஏற்றிவைக்கிறோம். பழியெல்லாம் காந்தா தலையிலேயே விழுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மூலத்தில் கை வைக்கலாமா என்று கேட்பீர்கள். ராதாவே வைத்தார்! அன்றன்றைய செய்தியை வசனத்தில் சேர்த்து, ஊருக்கு ஊர் மாற்றிப் பேசியவர் அவர். தோட்டம் கைமாறி லயத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பையனாக மோகனை மாற்றிப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்பும் அலட்டலும் அப்படியே பொருந்தும். நோய் வேண்டாம், கடனோ சூதாட்டமோ போதும். மறுமணக் காட்சியை மட்டும் வெட்டாதீர்கள். எஸ்.பி.எம். இலக்கிய மாணவர்களிடம் பழைய முடிவையும் புதிய முடிவையும் எழுதச் சொல்லி, இரண்டையும் நடிக்க வையுங்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்குச் சரியாக இருக்கும்.