வயதை மிஞ்சிப் படிக்கும் சிறாருக்கான மாயக்கதை நூல்கள்

எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள், தம் வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு மேலுள்ள நூல்களைத் தடங்கலின்றிப் படித்து முடிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. மந்திரமும் வேற்றுலகமும் விந்தை உயிர்களும் வரும் கதைகளையே இவர்களில் பலர் கேட்கிறார்கள். தமிழில் இவர்களுக்கு நூல் தேடுவோர் சந்திக்கும் பெரிய தடை நடுப்படிகள் குறைவாக இருப்பது. சிறு பிள்ளைகளுக்கான மெல்லிய நூல்கள் ஏராளம். பெரியவர்களுக்கான பெருநாவல்களும் குறைவில்லை. இடையில் நிற்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தருவது என்பதே கேள்வி.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடலை எடுத்துக்கொள்ளலாம். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலை ஆகியவற்றுக்கான செலவுகளைப் பட்டியலிடுகிறது. படிப்புக்கு இத்தனை பழைய சான்று உள்ள ஊரிலிருந்தும், கதைப்புத்தகம் வேண்டும் பிள்ளை பெரிய நூலகத்துக்குக் காஞ்சிபுரம் நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கதை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கோடைக்காலப் பாரத விழாக்களில் விடிய விடிய நடக்கும் கூத்தில் அரவான் களப்பலியையும் கர்ணன் சாவையும் அம்மாவின் மடியில் சாய்ந்தபடி பார்த்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் சிறுவர் சிறுமியர் பள்ளிப் பாடத்தோடு இக்கதைகளை ஆடவும் கற்றனர். ஒரு பிள்ளை எதைத் தாங்கும் என்பதை அளக்க, வகுப்பை விட, அது இதுவரை கேட்ட கதைகளே நல்ல அளவுகோல்.

படிநிலைகள்

தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துள்ளது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாகவே உள்ளன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இவை மிகப் பயனுள்ளவை. 'பற' என்ற படியையும் ஒரே மாலையில் முடித்துவிடும் பிள்ளைக்கு அதற்கு மேல் ஏணி இல்லை. பக்கத்துக்கு ஐந்து தெரியாத சொல் இருந்தால் நூல் கடினம் என்று விரல் மடக்கிப் பார்க்கும் முறையும் இவர்களிடம் எடுபடாது. தெரியாத சொல்லைத் தாண்டிப் போகக் கற்றவர்கள் இவர்கள். கதை ஓடினால் போதும்.

பழங்கதைகள்

தமிழில் மாயக்கதைக்கு நெடிய வரிசை இருக்கிறது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை ஆகியவற்றைப் பல தலைமுறைகள் படித்தன. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமா, வேதாளக் கதையை மாதாமாதம் புதிது புதிதாக நீட்டிச் சென்றது. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கும் ஓவியத்தை வரைந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் 2020இல் மறைந்தார்.

வயதை மிஞ்சிப் படிக்கும் பிள்ளைக்கு வேதாளக் கதை பொருந்துவதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. ஒவ்வொரு கதையும் ஒரு வழக்கோடு முடிகிறது. யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். விக்கிரமனின் விடையை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையின் விடையைக் கேட்கலாம். மதனகாமராஜன் கதையைக் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அதில் கூடா ஒழுக்கக் கதைகள் பல உண்டு. சுருக்கப் பதிப்புகளில் சில அவற்றை நீக்கியிருக்கின்றன, சில நீக்கவில்லை.

மணிமேகலை

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குத் தமிழில் தரக்கூடிய மிகச் சிறந்த மாயக்கதை சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைதான். பாடநூல் அதைச் சமயக் காப்பியம் என்று அறிமுகம் செய்து பாதிச் சுவையைக் கொன்றுவிட்டது. கதையைப் பாருங்கள். உறங்கும் பெண்ணைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய்க் கடல் நடுவே மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்குள்ள பீடிகை முற்பிறப்பைக் காட்டுகிறது. வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. வைகாசி முழுநிலா நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி எழுகிறது. எவ்வளவு தின்றாலும் தீராத யானைப்பசியால் வாடும் காயசண்டிகை வருகிறாள். தூணில் உள்ள பாவை வருங்காலம் சொல்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. கடைசியில் மணிமேகலை வான்வழியே வந்திறங்கும் ஊர் காஞ்சி. மழை பொய்த்துப் பசியில் கிடக்கும் அந்த நகரத்துக்கு அவள் பாத்திரத்தோடு வருகிறாள். தன் சொந்த ஊர் கதைக்குள் வருவதைக் காணும் பிள்ளையின் வியப்பு வேறு எந்த நூலிலும் எளிதில் கிடைக்காது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சுடுகாட்டுக் காட்சிகளும், உதயகுமரன் வெட்டுண்டு விழுவதும், மனித ஊன் தின்னும் நாகர் தீவும் உள்ளன. கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இவை பெரிதல்ல. இருட்டுக்கு அஞ்சும் பிள்ளைக்குப் பகலில் உடன் உட்கார்ந்து படிக்கலாம். அடுத்தது, முப்பது காதைகளில் 27ஆவது சமயவாதிகளின் கொள்கை விளக்கம், 29ஆவது அளவையியல். இரண்டையும் கூச்சமின்றித் தாண்டலாம், பெரியவர்களே தாண்டுகிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1898இல் காப்பியத்தைப் பதிப்பித்ததோடு, மணிமேகலைக் கதைச் சுருக்கத்தையும் உரைநடையில் எழுதினார். அதன் நடை இன்றைய சிறாருக்குக் கொஞ்சம் கடினம் என்றாலும், பன்னிரண்டு வயதில் விடாமல் படிப்பவர்களுக்கு எட்டாதது அல்ல.

தற்கால நூல்கள்

வாண்டுமாமா (1925–2014) நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி, கோகுலம், பூந்தளிர் இதழ்களின் வழியே ஒரு தலைமுறையின் கற்பனையை வளர்த்தவர். இன்று எட்டு, ஒன்பது வயதுக்கு அவர் சரியான நுழைவாயில். எஸ். ராமகிருஷ்ணனின் 'ஏழு தலை நகரம்', விழியனின் 'மாகடிகாரம்', விஷ்ணுபுரம் சரவணனின் 'வாத்து ராஜா' ஆகியவை அடுத்து வரும். சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களிலும் (அடைப்புக்குறியில் இருப்பது விருது ஆண்டு) மாயக்கூறு மிகுதி. இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' (2014) வேதாளத்தை அறிவியல் கேட்க வைக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023) கீழடியின் பழங்காலத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020) பேசும் பொம்மையைக் கொண்டு சிறாருக்கு எதிரான பாலியல் தொல்லையைப் பேசுவது. இந்நூலைக் கொடுத்துவிட்டு விலகிப் போகாமல், படித்தபின் பேசுவதற்கு அருகில் இருக்க வேண்டும்.

இவற்றுள் பலவும் வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே உள்ளவை. அந்த வகையில் ஜெயமோகனின் 'பனிமனிதன்' தனித்து நிற்கிறது. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த இந்நாவல் இமயப் பனியில் பனிமனிதனைத் தேடிப் போகும் பயணம். பரிணாமம், பௌத்தம், ஆழ்மனம் என்று கனமான பேச்சுகளைச் சிறுவர் கதைக்குள் துணிந்து வைத்தது. பத்து வயதில் கதைக்காகவும் பதினான்கில் கேள்விகளுக்காகவும் இருமுறை படிக்கலாம். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து, க்ரியா 1981இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' அளவில் சிறியது. ஆனால் சீக்கிரம் தீராது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வன் மாயக்கதை அல்ல. இருந்தும் ஐந்து பாகம் என்ற நீளமே இப்பிள்ளைகளை ஈர்க்கிறது. தமிழ் வீடுகளில் பதினொரு, பன்னிரண்டு வயதில் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள், நடுவில் வேறு இல்லாததால்.

ஆங்கிலத்தில் படிப்போர்

ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கதை வேறு. அங்கே படிகள் மிகுதி; ஏறும் வேகமே கவலை. ஹாரி பாட்டரின் முதல் நூலை (1997) எட்டு வயதில் படிப்பதில் தவறில்லை. நான்காம் நூலில் (2000) பள்ளி மாணவன் ஒருவன் கொல்லப்படுகிறான். அங்கிருந்து தொடர் இருள்கிறது. ஏழையும் ஒரே விடுமுறையில் விழுங்கவிடுவதை விட, ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று இடைவெளி விட்டுக் கொடுப்பது நல்லது. டோல்கீனின் 'த ஹாபிட்' (1937) ஒன்பது, பத்து வயதுக்கு இதமானது; அவருடைய மோதிரக் கதைக்குப் பன்னிரண்டாகட்டும். உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) பக்கத்தில் குறைவு, ஆழத்தில் மிகுதி. செருக்கால் தன் நிழலையே எழுப்பிவிட்ட இளைஞனின் கதையை, வகுப்பில் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடும் பிள்ளை கண்டிப்பாகப் படிக்க வேண்டும். சல்மான் ருஷ்டியின் 'ஹாரூன் அண்ட் த சீ ஆஃப் ஸ்டோரீஸ்' (1990) நம் பக்கத்துக் கதை மரபிலிருந்து எழுந்தது என்பதால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

தகுதி பார்த்தல்

சொல் அறிவு முதிர்ந்த பிள்ளைக்கு மனமும் அதே அளவு முதிர்ந்திருக்கும் என்று எண்ணுவதுதான் பெரும்பாலான தவறான தேர்வுகளின் வேர். நூலின் அட்டையில் உள்ள வயதைப் பார்ப்பதை விட, கடைசி இரண்டு அதிகாரங்களையும் யார் சாகிறார்கள் என்பதையும் பெரியவர் முதலில் பார்ப்பது பயன் தரும். சாவு இருந்தால் தவிர்க்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அது கதையில் துக்கமாக மதிக்கப்படுகிறதா, வெறும் பரபரப்பா என்பதே பார்க்க வேண்டியது. வன்முறையை விடக் கொடுமையில் இன்பம் காணும் எழுத்தே தள்ளத்தக்கது. பிடிக்காத நூலைப் பாதியில் மூடும் உரிமை பிள்ளைக்கு உண்டு.

நூல் கிடைக்கும் இடங்கள்

மணிமேகலையின் மூலம் உள்ளிட்ட பழைய தமிழ் நூல்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறுவர் பதிப்பகங்களின் நூல்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்கலாம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறாருக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. அந்நூலகங்களுக்குப் போக வாய்ப்பில்லாத ஊர்ப்பிள்ளைக்குக் கிளை நூலகரே துணை. சிறுவர் அலமாரியை முடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையை, பெற்றோர் ஒருவர் உடனிருக்க, பெரியவர் பிரிவின் கதை அடுக்குக்கு நூலகர்கள் அனுமதிக்க வேண்டும்.