புழுங்கல் என்னும் சொல்

பினாங்கு மார்க்கெட் தெருவில் ஓர் அரிசிக் கடை வாசலில் நின்று, மூட்டையிலிருந்து ஒரு பிடி புழுங்கலரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, உடன் வந்த நண்பர், "புழுப் பிடியாதிருக்க அவித்தமையால்தான் ஐயா, இதற்குப் புழுங்கல் என்று பெயர்" என்று ஐயத்துக்கு இடமின்றி உரைத்தார். அவ்வளவில் நில்லாது, பெரிபெரி என்னும் வியாதியின் பெயரும் தமிழே என்றும், கால் வீங்கிப் பெரிதாவதால் நம் முன்னோர் அவ்வாறு வழங்கினர் என்றும் சேர்த்துக்கொண்டார். முன்னது இலக்கணம் அறியாமை. பின்னது தமிழபிமானம் வழி தவறியது.

புழு என்னும் பெயரடியாகப் பிறக்கும் வினை புழுத்தல். புழுத்த அரிசி என்போம். அதனைப் புழுங்கிய அரிசி என்பாரில்லை. அடங்கு, அடக்கு என்பன போலவும், ஒடுங்கு, ஒடுக்கு என்பன போலவும், புழுங்கு தன்வினை; புழுக்கு பிறவினை. பெரும்பாணாற்றுப்படையில் வரகுச் சொன்றியோடு வரும் அவரைப் புழுக்கும், பொருநராற்றுப்படையில் இரவலர்க்கு இடும் இறைச்சிப் புழுக்கும், சிலப்பதிகாரத்து இந்திரவிழவில் காவற்பூதத்துக்குப் படைக்கும் புழுக்கலும் வெந்த உணவையே குறித்தன. மலையாளத்தார் இன்றும் கிழங்கைப் புழுங்குவர்; அவர்க்கு இவ்வரிசி புழுக்கலரி. தெலுங்கர் உப்புடு பிய்யம் என்று வேறு வழி சென்றனர். யாண்டும் புழுவைக் கண்டிலேன்.

அவித்தல் என்னும் சொல் இருக்க இச்சொல் எற்றுக்கு? வெளியேற வழியின்றி உள்ளே அடைபட்ட வெம்மையே புழுக்கம் என்பது என் துணிபு. மழைக்கு முந்திய பிற்பகலில் ஜார்ஜ்டவுன் சந்துகளில் காற்று அசையாது நிற்க, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறதே, அது புழுக்கம். சொல்லாது வைத்த துயரம் மனப்புழுக்கம். நெல்லின் செய்தியும் இதுவே. ஊறிய நெல்லை அண்டாவிலிட்டு மூடி, ஆவி கிளம்பி உமி சற்றே வாய் பிளக்குமளவும் அவித்து இறக்கி, முற்றத்தில் உலர்த்திய பின்னரே குத்துவர். உமி நீங்குமுன்னரே, தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் அகத்தே புகுந்துவிடுகிறது.

இதன் பயனை மலாயா நன்கறியும். சீனத் தொழிலாளர் தீட்டிய வெள்ளரிசி உண்டு பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிய, புழுங்கலுண்ட தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டாதிருந்ததை, நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். பழைய வெள்ளரிசியில் நஞ்சு விளைகிறது என்று அவர் கருதியது தவறு, கண்டது மெய். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் இருவகை அரிசியையும் இரு பிரிவினர்க்குத் தனித்தனியே அளித்துப் பார்த்து அதனை உறுதி செய்தார். நோய்க்கு ஏதுவான குறை, தீட்டலில் நீங்கும் தவிட்டுப் பகுதியைப் பற்றியது என்று பிரேஸரும் ஸ்டான்டனும் நிறுவினர். 1926-இல் படேவியாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தனர். தயமின் என்பது அதன் பெயர்.

சரீரத்துள் அதற்கென்ன வேலை? சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகிப் பத்துப் படிகளில் பைருவிக் அமிலமாகச் சிதைகிறது. அவ்வமிலம் அசெட்டைல் கோ-ஏ ஆக மாறிச் சிட்ரிக் அமிலச் சுழற்சியுள் புகுந்தாலன்றி, உயிரணுக்களின் செலவுக்குரிய ஏடிபி போதிய அளவு விளையாது. அம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதிக்குத் துணை தயமின். அது குறைந்தால் பைருவிக் அமிலம் இரத்தத்தில் தேங்கும், நரம்பும் இருதயமும் தளரும், கால் வீங்கும். சிதைவு மட்டுமன்று, அதே அசெட்டைல் கோ-ஏ கொழுப்புக்கு முதற்பொருள், நியூக்ளிக் அமிலங்களுக்கு வேண்டிய ரைபோஸ் சர்க்கரையை ஆக்கும் வழியொன்றிலும் தயமினுக்குப் பங்குண்டு. ஆக்கமும் அழிவும் ஓருடம்பில் ஒருங்கே நிகழ்தலை வளர்சிதை மாற்றம் என்று பெயரிட்டவர் வாழ்க! மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீயால் உண்டதெல்லாம் போதாது போயிற்று; பெரிபெரியுற்றவர்க்கோ, உண்ட சோறு வயிற்றில் இருந்தும் அதனை எரிக்கும் தீ மூளவில்லை.

பெரிபெரி என்பது தளர்ச்சியையும் இயலாமையையும் சுட்டும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என்பதே அறிஞர் பலர் ஒப்பிய முடிபு. நோயின் பெயருக்கு உரிமை கொண்டாடும் நண்பர்காள், அதனை உரியவரிடமே விட்டுவிடுங்கள். அந்நோய் அணுகாது காத்த சோற்றின் பெயர் நம்முடையது. அதில் புழு இல்லை.