ஆர்எக்ஸ் 100 பழகிய கைக்கு ஜெட் ஸ்கீ டியூப்கள்: ஓர் ஒப்பாய்வு

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையம். இந்தப் பக்கத்துப் பழைய டூ வீலர் மெக்கானிக்குகளுக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 அத்துப்படி. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதிலுள்ள டியூப்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இருட்டிலும் மாட்டிவிடுவார்கள். அதே கைக்கு 1990-களில் செய்த ஒரு ஜெட் ஸ்கீ வந்தால் கதை வேறு. சீட்டைத் தூக்கினால் கறுப்பு, சாம்பல், கண்ணாடி நிறம் என்று டியூப்கள் பின்னிக் கிடக்கும். ஒன்றை இடம் மாற்றி மாட்டினால் எஞ்சின் போகும். சில டியூப்களில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. இரண்டுமே டூ ஸ்ட்ரோக். இரண்டிலும் கார்புரேட்டர், தனி ஆயில் டேங்க், ஆயில் பம்ப் இருக்கின்றன. ஆர்எக்ஸ் செய்த யமஹாவே 1980-களின் பிற்பகுதியிலிருந்து வேவ்ரன்னர் என்ற நீர் வண்டியையும் செய்துவருகிறது. ஜெட் ஸ்கீ என்பது கவாசாகியின் வணிகப் பெயர். ஊர்வழக்கில் எல்லா நீர் வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது. கனடாவின் பம்பார்டியர் செய்த சீ-டூ வண்டிகளில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் எஞ்சின் இருக்கும். டியூப் குழப்பம் அதிகம் வருவது இந்த வகையில்தான் என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பெட்ரோல் வழி

ஆர்எக்ஸில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கும். காக்கிலிருந்து ஒரே டியூப். அதன் இரு முனையும் கண்ணெதிரே இருக்கும். ஜெட் ஸ்கீயில் டேங்க் படகின் வயிற்றில் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பெட்ரோலை மேலே இழுக்க வேண்டும். டேங்கிலிருந்து மெயினுக்கு ஒன்று, ரிசர்வுக்கு ஒன்று, கார்புரேட்டரில் மிஞ்சியது திரும்பி வர ஒன்று, காற்றுப் போக்குக்கு ஒன்று என நான்கு டியூப்கள் கிளம்பும். மெயினும் ரிசர்வும் ஆர்எக்ஸ் காக்கின் தத்துவமேதான்: டேங்குக்குள் ஒரு குழல் உயரம், ஒன்று குட்டை. அவ்வளவு தூரம் பழைய அறிவு கைகொடுக்கும். ரிட்டர்ன் டியூப் ஆர்எக்ஸில் இல்லாதது. அதை மெயின் என்று நினைத்து மாட்டினால் வண்டி ஓடாது.

அந்தக் கால சீ-டூக்கள் பலவற்றில் டெம்போ என்ற சாம்பல் நிற டியூப் வந்தது. வெளியே விரிசலின்றி நல்லதாகவே தெரியும். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உட்சுவரில் பச்சைப் பிசுக்கு படிந்திருக்கும். அது கார்புரேட்டருக்குள் உள்ள சிறு வலையை அடைக்கும், பெட்ரோல் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகும். சாம்பல் டியூப்பைக் கண்டால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் எந்த வண்டியில் இருந்தாலும் சந்தேகத்துக்குரியதே. படகுக்கென்று செய்த பெட்ரோல் ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே1527 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆயில் வழி

ஆர்எக்ஸில் டேங்கிலிருந்து பம்புக்கு ஒன்று, பம்பிலிருந்து எஞ்சினுக்கு மெல்லியதாக ஒன்று. ஜெட் ஸ்கீயிலும் அதே ஏற்பாடுதான். சிலிண்டருக்கு ஒன்றாக மெல்லிய டியூப் கூடும். மாற்றிய பின் பம்பில் காற்று எடுக்காவிட்டால் இரண்டுமே சீஸ் ஆகும்.

பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. ஆர்எக்ஸில் பம்பைக் கழற்றிவிட்டு, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுவது பழகிய வேலை. அளவு சரியாக இருந்தால் வண்டிக்குக் கெடுதல் இல்லை. ரோட்டரி வால்வு உள்ள ரோட்டாக்ஸ் எஞ்சினில் ஆயில் டேங்கிலிருந்து இன்னும் இரண்டு தடித்த ஹோஸ்கள் எஞ்சின் உடலுக்குள் போகும். ஒன்றில் ஆயில் இறங்கும், மற்றது டேங்கின் மேற்பகுதிக்குத் திரும்பும். வால்வைச் சுழற்றும் பல்சக்கரத்துக்கு அதுதான் எண்ணெய்க் குளியல். ‘பம்பே இல்லை, டேங்க் எதற்கு’ என்று இவற்றைக் கழற்றிவிட்டால் பல்சக்கரம் காய்ந்து தேய்ந்துபோகும். பம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் ஆயிலோடு இருந்தே ஆக வேண்டும்.

காற்றும் நீரும்

எஞ்சின் கிராங்க் கேஸிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒரு குட்டை டியூப்பைக் கழற்றினால் உள்ளே எதுவும் இருக்காது. ஆயில் ஈரம் லேசாகத் தெரியலாம். வேலையற்ற டியூப் என்று தோன்றும். பெட்ரோல் பம்பை இயக்குவதே அதுதான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் எழும் அழுத்தத் துடிப்பு அதன் வழியாகப் போய்ச் சவ்வை ஆட்டும். துடிப்பு தளராமல் போக வேண்டும் என்பதால் அந்த டியூப் கெட்டியாக இருக்கும். ஆர்எக்ஸில் இதற்கு இணை கிடையாது.

ஆர்எக்ஸைக் காற்றே குளிர்விக்கும். நீர் டியூப் என்ற பேச்சே இல்லை. ஜெட் ஸ்கீயின் தடித்த ஹோஸ்களில் பெரும்பாலானவை நீருக்கானவை. பின்னாலுள்ள ஜெட் பம்பின் அழுத்தமே நீரை எஞ்சினுக்குத் தள்ளி, சைலன்சரைச் சுற்றவைத்து வெளியேற்றும். சுண்ணாம்பாறு முகத்துவாரம் போன்ற உப்புநீரில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அப்போது முதலில் எஞ்சின், பிறகு குழாய். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு எஞ்சின். முறை மாறினால் சைலன்சர் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் ஏறிவிடும்.

திறந்து கிடக்கும் முனை

இரண்டு வண்டிகளும் முற்றிலும் பிரியும் இடம் இது. ஆர்எக்ஸில் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ டியூப் தரையைப் பார்த்துத் தொங்கும். சொட்டினால் ரோட்டில் சொட்டும். காற்று அடித்துக்கொண்டு போகும். ஜெட் ஸ்கீயின் எஞ்சின் மூடிய படகுக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கும். ஒரு பொறி போதும். எனவே டேங்கின் காற்றுப் போக்கு டியூப் படகுக்கு வெளியே திறக்க வேண்டும். கழன்று உள்ளே கிடந்தால் அது வெடி மருந்து. ஸ்டார்ட் செய்யுமுன் சீட்டைத் திறந்து மோந்து பார்ப்பது கட்டாயம்.

இதற்கு நேர்மாறாக, படகின் அடியில் வலமும் இடமுமாக இரண்டு டியூப்கள் எதிலும் மாட்டாமல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கழன்றுவிட்டது என்று எண்ணி எங்காவது மாட்டத் தோன்றும். தொடக்கூடாது. வண்டி ஓடும்போது ஜெட்டின் வேகம் உண்டாக்கும் உறிஞ்சலால் உள்ளே தேங்கிய நீரை இவைதான் வெளியேற்றுகின்றன. மேலே வளைந்து போகும் இடத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அதை ஓட்டை என்று அடைத்தால், வண்டி நிற்கும்போது வெளிநீர் அதே வழியாக உள்ளே வரும்.

முடிவு

பெட்ரோலிலும் ஆயிலிலும் ஆர்எக்ஸ் அறிவு பாதிக்கு மேல் உதவும். காற்றிலும் நீரிலும் அது உதவாது. திறந்த முனையைப் பொறுத்தவரை தவறான வழியையே காட்டும். சாலை வண்டியில் ஒரு முனையைப் பார்த்தாலே டியூப்பின் வேலை தெரிந்துவிடுகிறது. நீர் வண்டியில் இரு முனையையும், உள்ளே ஓடுவது என்ன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கழற்றுமுன் செல்போனில் படம் எடுங்கள். இரு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதிப் பார்க்காதீர்கள், கைப்பம்ப் போதும். இரு முனையும் கண்ணால் காணாத எந்த டியூப்பையும் பிடுங்காதீர்கள், அடைக்காதீர்கள்.