பத்தாயம் போச்சு, பூனை இருக்கு



போன வருஷம் தை மாசம் எங்க வீட்டுப் பழைய பத்தாயத்தப் பிரிச்சோம். தாத்தா காலத்துப் பலகை. அதுல நெல்லு கொட்டி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. அடிப்பலகையத் தூக்குனா மூணு பூனைக்குட்டி, கண்ணுகூடத் திறக்கல. தாய்ப்பூனை ஓரமா நின்னு உறுமுது. "நெல்லு போயும் அது இடத்த விடல பாருங்க"ன்னா என் சம்சாரம். அன்னிக்குத்தான் பூனையோட கதைய ஒழுங்கா தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு.

பூனைய யாரும் மாடு மாதிரி கட்டிப் பழக்கல. மனுஷன் விவசாயம் பண்ணித் தானியத்தச் சேத்து வச்சான். அதுக்கு எலி வந்துச்சு. எலிக்குப் பின்னாடி காட்டுப்பூனை வந்துச்சு. சைப்ரஸ் தீவுல சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு புதைகுழியில மனுஷனுக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருக்காங்க. 2004-ல அத ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. அந்தத் தீவுல பூனை இயற்கையா கிடையாது. அப்ப யாரோ படகுல ஏத்திக்கிட்டுப் போயிருக்கணும்.

நம்ம பக்கமும் பூனை பழைய ஆளுதான். சங்கப் பாட்டுல காட்டுப்பூனைக்கு வெருகுன்னு பேரு. மாமல்லபுரத்துல பல்லவர் காலத்து அர்ச்சுனன் தபசு சிற்பத்தப் பாத்திருப்பீங்க. 7-ஆம் நூற்றாண்டு வேலை. அதுல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு தவம் பண்ணும், சுத்தி எலிங்க இருக்கும். எலியும் பூனையும் எப்படின்னு நல்லாத் தெரிஞ்சவன்தான் அதச் செதுக்கியிருக்கணும்.

எங்க டெல்டாவுல வயல்ல எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி. வீட்டுக்குள்ள பூனை. பத்தாயத்துலயும், வைக்கோல்பிரி சுத்துன சேர்லயும், விதைநெல்லுக் கோட்டையிலயும் எலி பூந்தா அடுத்த போகமே போச்சு. அதனால பூனைக்குச் சம்பளம் மாதிரி ஒரு கை மோர்ச்சோறு, மீன் கழுவுனா தலை. அவ்வளவுதான் பராமரிப்பு.

இந்தக் கதையில நான் வெக்கப்படற பகுதி ஒண்ணு இருக்கு. குட்டிங்க அதிகமாயிட்டா எங்க அப்பாயி என்னக் கூப்பிடும். "தம்பி, சாக்குல போட்டு ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வா. ஆத்தத் தாண்டுனா பூனை திரும்பாது." எனக்கு அப்ப 10 வயசு இருக்கும். நாலு குட்டிய விட்டுட்டு வந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் போறப்ப பாத்தா ரெண்டு செத்துக் கிடந்துச்சு. ஒண்ணக் காணோம். ஒண்ணு கத்திக்கிட்டே என் பின்னாடி கொஞ்ச தூரம் வந்துச்சு. திரும்பிப் பாக்காம போயிட்டேன். அப்பாயிகிட்ட சொல்லல. அப்பாயி கெட்ட மனுஷி இல்ல. ஊரு முழுக்க அதுதான் வழக்கம்.

இத்தனைக்கும் காயடிக்கறது எங்களுக்குப் புதுசு இல்ல. உழவு காளைக்கும் கிடாக்குட்டிக்கும் தலைமுறை தலைமுறையா செஞ்சதுதான். காளைக்கு விலை இருந்துச்சு, பூனைக்கு இல்ல. பெட்டைப் பூனைக்குன்னா வயித்தத் திறக்கணும். அதுக்கு அன்னிக்கு ஊர்ல வைத்தியமும் இல்ல.

அப்புறம் காலம் மாறுச்சு. 1972-ல தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்துச்சு. அதோட கொள்முதல் நிலையங்களுக்கு நெல்லு போக ஆரம்பிச்சு, போகப் போக அறுவடை மிஷினும் வந்ததும், நெல்லு வயல்லேருந்து நேரா அங்கயே போயிடுது. வீட்டுல நெல்லு இல்ல. பூனைக்கு வேலை இல்ல. ஆனா குட்டி போடறது மட்டும் நிக்கல. 4, 5 மாசத்துலயே பெட்டை சினை பிடிக்கும். சினைக்காலம் சுமார் 63 நாள். பால் குடுக்கறப்பவே மறுபடியும் பருவத்துக்கு வந்துடும். வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈத்து சாதாரணம்.

பத்தாயத்துக்கு அடியில கிடந்த மூணுல ஒண்ணு தங்கல. மத்த ரெண்டும் பால்குடி மறந்து, தாய்க்கு மடி வத்துனதும், சித்திரையில மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். தக்காளிக் கூடையில போட்டு மேல இன்னொரு கூடையக் கவுத்துக் கட்டி, பஸ்ல. "பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா?"ன்னு கண்டக்டர் சிரிச்சாரு. டாக்டர் சொன்ன மாதிரி ராத்திரியே சாப்பாட்ட நிறுத்தியிருந்தோம். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்தாங்க. 10 நாள் வீட்டுக்குள்ள வச்சு, தையல நக்காம பாத்துக்கிட்டோம். ஆடியில கடுவன்குட்டிக்கும் பண்ணியாச்சு. அதுக்கு இன்னும் சின்ன வேலை, அன்னிக்கே திரும்பியாச்சு. இன்னொரு குட்டி என் மக வீட்டுல இருக்கு.

நகரத்துல பூனை வளக்கறவங்க கேக்கற மூணு கேள்விக்கு டாக்டர் எனக்குச் சொன்ன பதில எழுதறேன்.

ஒரு ஈத்தாவது போடணுமா? வேண்டாம். முதல் பருவத்துக்கு முன்னாடியே பண்ணுனா மடியில புத்துநோய் வர வாய்ப்பு ரொம்பக் குறையும். கருப்பையில சீழ் பிடிக்கற நோயும் வராது.

எலி பிடிக்காமப் போயிடுமா? போகாது. எங்க பூனை இன்னும் வாசல்ல எலியக் கொண்டாந்து போடுது. கடுவன் ஊர்சுத்தறதும், சண்டை போட்டுக் காதக் கிழிச்சுக்கிட்டு வர்றதும், சுவத்துல மூத்திரம் அடிக்கறதும்தான் குறையும்.

குண்டாயிடுமா? தீனிய அளந்து போட்டா ஆகாது.

மத்தபடி, பாலும் தயிர்சாதமும் மட்டும் பூனைக்குப் பத்தாது. அதுக்குக் கறி, மீன் வேணும். பெரிய பூனைங்க பலதுக்குப் பால் வயித்தால போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் குடல்புழு மருந்தும் அவசியம். காய்ச்சல்னு பாராசிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். எலி மருந்தும் வைக்காதீங்க. அதத் தின்ன எலியப் பூனை தின்னா ரெண்டும் போயிடும்.

இந்தத் தைக்கு எங்க வீட்டுல குட்டி இல்ல. தாய்ப்பூனை உடம்பு தேறி, பத்தாயம் இருந்த இடத்துலயே படுத்திருக்கு. சாக்க எடுக்க வேண்டிய வேலை என் பேரனுக்கு வராது.