ஹேலோ 2: இரட்டை நாயகர்

பஞ்ஜி நிறுவனம் உருவாக்கி, 2004 நவம்பர் 9 அன்று எக்ஸ்பாக்ஸில் வெளியான அறிவியல் புனைவுச் சுடும் விளையாட்டு. முதல் பாகத்தில் (2001) ஆட்டக்காரருக்கு மாஸ்டர் சீஃப் என்ற மனிதப் படைவீரர் மட்டுமே. இதிலோ, சீஃப் அழித்த ஹேலோ என்ற விண்வெளி வளையத்தைக் காக்கத் தவறித் தண்டனை பெற்ற எதிரித் தளபதியும் நம் கைக்கு வருகிறார். அவருக்கு ஆர்பிட்டர் பட்டம் சூட்டுவது கௌரவிக்க அல்ல, சாவுக்கு அனுப்பத்தான். சீஃபின் டோர்ச் லைட்டுக்குப் பதிலாக, சற்று நேரம் உருமறையும் ஆற்றல் இவருக்கு உண்டு. இறுதிப் போரும் இவருடையதே. சீஃபின் கதை அந்தரத்தில் நிற்கிறது. ரசிகர் பலர் முணுமுணுத்தனர். ஆயினும், எதிரிகளின் மதவெறியையும் உட்பகையையும் உள்ளிருந்தே காட்டியதுதான் இப்பாகத்தின் பலம். ஹேலோ 5 (2015) இதே இரட்டை நாயகர் உத்தியில் சறுக்கியது: 15 கட்டங்களில் சீஃபுக்கு 3, மீதியெல்லாம் லாக் என்ற மற்றொரு வீரருக்கு.